பத்தரை வோல்ட்டில் வைத்த நாற்பது பெட்டிகள்

மகன்,

நீ கேட்டது இரண்டு வரிக் கேள்வி. அதற்குப் பதில் எழுத எனக்குப் பதினாறு நாள் ஆகியிருக்கிறது. நான்கு தரம் தொடங்கினேன், நான்கு தரமும் கிழித்துப் போட்டேன். எழுத உட்கார்ந்தால் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது போல ஒரு நினைப்பு வருகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு பற்றவைக்கவே இல்லை. திரும்பி வந்து உட்காராமல் அப்படியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். அங்கே செக்பொயின்டில் நிற்கிற பொடியனுக்கு இப்போது என் அடையாள அட்டை இலக்கம் மனப்பாடம். முந்தாநாள் பொலிஸில் இருந்தும் வந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மறுபடியும் எழுதிக்கொண்டு போனார்கள். நான் ஒருத்திதான் என்று எழுதுவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தார்கள். ஆகையால் இந்தக் கடிதத்தில் எழுத்து கோணல் மாணலாக இருந்தால் கண்ணில் கோளாறு என்று பயப்படாதே. ஓர் இடத்தில் இருக்க முடியாத கோளாறுதான்.

வீடு வாங்கு என்று ஐந்து வருசமாகச் சொன்னேன். நீ வான் வாங்கியிருக்கிறாய். அதற்குள்ளே கட்டிலும் அடுப்பும் பிரிட்ஜும் வைத்து, மருமகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு வருசம் அவுஸ்திரேலியாவைச் சுற்றப் போகிறாயாம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உன் அப்பா வேலை செய்த கடையைக் கண்டி டவுனில் கொளுத்தியபோது, மேல் அறையில் இருந்த நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு உடுத்த துணியோடு புசல்லாவைக்கு ஓடினோம். மூன்று மாதம் உன் சித்தப்பா வீட்டில் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாகக் கிடந்தோம். அதற்குப் பிறகு இத்தனை வருசமாக ஒரு பையில் பத்திரங்களைக் கட்டிக் கதவடியிலேயே வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவளின் மகன் ஆசைப்பட்டு வீட்டையே சக்கரத்தில் ஏற்றுகிறான் என்றால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. சுற்றிவிட்டு வா. நான் தடுக்கவில்லை.

கேள்விக்கு வருகிறேன். வான் கூரையில் போடுகிற இரண்டு சோலார் பனலுக்கும் பெட்டரிக்கும் இடையில் பூட்ட எந்தக் கொன்ட்ரோலர் நல்லது என்று கேட்டாய். கொன்ட்ரோலர் வாங்குவதற்கு முன்னால் பனலைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற தாளைப் படி. வோல்ட் பதினெட்டுச் சொச்சம் என்று இருந்தால் அது பன்னிரண்டு வோல்ட் பெட்டரிக்கென்றே செய்த பனல். சாதாரண, விலை குறைந்த கொன்ட்ரோலரே அதற்குப் போதும். முப்பது, நாற்பது என்று இருந்தால் அது வீட்டுக் கூரைக்குச் செய்தது. அதற்கு மலிவானதைப் பூட்டினால் பனல் தருகிறதில் பாதி சும்மா போகும். அப்போது விலை கூடின எம்.பி.பி.டி. என்கிறதைத்தான் வாங்க வேண்டும். இரண்டு பனலும் சேர்ந்து எத்தனை அம்பியர் தள்ளும் என்று பார்த்து, அதைவிடக் கால்வாசி கூடுதலாகத் தாங்குகிறதை எடு. குளிர்காலக் காலையில் பனலின் வோல்ட் ஏறும், அதனால் பெட்டியில் போட்டிருக்கிற உச்ச வோல்ட்டை ஒட்டிப் போகாதே. பெட்டரி தண்ணீர் ஊற்ற வேண்டிய வகையா, மூடின வகையா என்பதைக் கொன்ட்ரோலருக்குச் சொல்லிவைக்க ஒரு பட்டன் இருக்கும். அதை மறந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோசனம் இல்லை. பூட்டும்போது பெட்டரி முதலில், பனல் பிறகு. கழற்றும்போது பனல் முதலில். கொன்ட்ரோலரைப் பெட்டரிக்குக் கிட்டவே வை, ஆனால் தண்ணீர்ப் பெட்டரி என்றால் அதே மூடின பெட்டிக்குள் வைக்காதே, அது விடுகிற வாயு ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். இடையில் ஃபியூஸ் போடாமல் என் மருமகளை அந்த வானில் ஏற்றாதே.

இவ்வளவும் அன்றைக்கே எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். போடவிடாமல் வைத்தது உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். பெட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினதும் பிரிட்ஜ் தானாக நின்றுவிடும், அந்த அளவை மேலேயும் வைக்கலாம் கீழேயும் வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். அங்கே பிரிட்ஜ் விற்ற கடைக்காரர் மேலே வைக்கச் சொன்னாராம். கீழே வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடுமே என்று நீ கேட்டாயாம். பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர் என்று தெரிந்ததாம். “அவனுகளால நீங்க பட்டது போதும்மா, அவன் பேச்ச நம்பாம நான் கீழயே வச்சுக்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய். போகும்போது அவர் கை நீட்டினாராம், நீ கை கொடுக்காமல் வந்துவிட்டாயாம். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய்.

அந்த மனுசன் சொன்னது சரி. பிரிட்ஜை மேலே வை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமென்றால், உனக்குப் பதினான்கு வயதிலிருந்து தெரிந்த ஒரு கதையை நான் கையாலேயே உடைக்க வேண்டும். இதுதான் என்னை உட்கார விடாமல் செய்தது.

உனக்குத் தெரிந்த கதை இது. அம்மா குண்டசாலையில் சோலார் கொன்ட்ரோலர்ப் பெட்டி செய்கிற வேலைத்தலத்தில் ஆறு வருசம் வேலை செய்தாள். கெட்டிக்காரி. எட்டுப் பெண்களில் அவள் ஒருத்திதான் தமிழ். சண்டை மும்முரமாக நடந்த காலத்தில், தமிழச்சி என்பதற்காக அவளை நிற்பாட்டினார்கள். இதை நீ பள்ளிக்கூடத்தில் சொன்னாய், மெல்பேர்னில் மேடையில் சொன்னாய், உன் கல்யாணத்தில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாய். நான் முன்வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் நிற்பாட்டவில்லை, மகன்.

அங்கே என் வேலை என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது. ஈயம் வைத்து ஒட்டி முடிந்த சர்க்யூட் பலகைகள் கடைசியாக என் மேசைக்கும் குசுமாவின் மேசைக்கும் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நீலத் திருகு இருக்கும். மீற்றரைப் பார்த்துக்கொண்டே அதைத் திருகிப் பதினொன்றரை வோல்ட்டில் வைக்க வேண்டும். பெட்டரி அந்த அளவுக்கு இறங்கினதும் கொன்ட்ரோலர் விளக்குகளை நிற்பாட்டிவிடும். வைத்த திருகு அசையாமல் இருக்க, அதன்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுவோம். எனக்குச் சிவப்பு, குசுமாவுக்கு ரோஸ். ஏதாவது பெட்டி பழுதென்று திரும்பி வந்தால், மூடியைத் திறந்து நிறத்தைப் பார்த்து யார் செய்தது என்று மெனேஜர் கண்டுபிடிப்பார். குசுமா என்னைவிட ஆறு வயது இளையவள். புருசன் விட்டுப் போய், நான்கு வயது மகளோடும் தாயோடும் வேலைத்தலத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் இருந்தாள். எனக்குச் சிங்களம் ஒழுங்காகப் பேசக் கற்றுத் தந்தது அவள்தான். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது தோசை மட்டும், அதையும் கடைசி வரைக்கும் வட்டமாகச் சுட வரவில்லை அவளுக்கு.

ஹுன்னஸ்கிரியவில் உன் மாமா இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு திட்டத்தில் சோலார் விளக்கு வந்தது. முதலில் பத்து வீட்டுக்கு. மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரே குறை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது பெட்டி லைட்டை நிற்பாட்டிவிடுகிறது, பெட்டரியில் இன்னும் இருக்கிறது, பல்ப் பிரகாசமாகத்தான் எரிகிறது, இந்தப் பெட்டிதான் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்றார். அவர் மகள் அந்த வருசம் ஓ.எல். பரீட்சை எழுத இருந்தாள். “நீதானே தங்கச்சி செய்யுற, நம்ம ஆளுகளுக்குன்னு கொஞ்சம் கூட்டிக் குடுக்கக் கூடாதா?” என்று கேட்டார். நான் சட்டம் பேசினேன். அவர் போன பிறகு சட்டம் எனக்கே பிடிக்கவில்லை. நூறு வருசத்துக்கு மேலாக லயத்து வரிசை அறைகளில் இருட்டுக்குள் கிடக்கிற சனம், அதுக்கு ஒரு மணித்தியால வெளிச்சம் கூட என் கையால் கொடுக்க முடியாதா என்று தோன்றியது. மறு வாரம் அதே தோட்டத்துக்கு இன்னும் நாற்பது பெட்டி என்று எழுதிய தாள் என் மேசைக்கு வந்தது. நாற்பதையும் பத்தரையில் வைத்தேன்.

பெட்டரியைப் பற்றித் தெரிந்தவள் செய்கிற வேலையா அது? பனல் ஒரு நாளைக்குத் தருவது தருவதுதான். அளவைக் கீழே இறக்கினால் முதல் நாள் மட்டும் கூடுதலாக எரியும். மறுநாளிலிருந்து அதே வெளிச்சம்தான், ஆனால் பெட்டரி எந்நாளும் அரைவயிற்றோடு கிடக்கும். உள்ளே தட்டுகளில் வெள்ளை படிந்து வருசம் திரும்புவதற்குள் செத்துப்போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நம்ம ஆட்கள் பார்த்துப் பாவிப்பார்கள், அளவாக எரிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பிரிட்ஜுக்கும் இதேதான். கீழே வைத்தால் உனக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள்.

அந்த நாற்பதும் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகவில்லை. லொறி புறப்பட இருந்த அன்று அந்தப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. மெனேஜர் அதே பெட்டிகளைக் கலகெதரவுக்கு உள்ளே ஒரு சிங்களக் கிராமத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். தோட்டத்துக்கு வேறு நாற்பது பிறகு போனது, சரியாகப் பதினொன்றரையில் வைத்தது. மாமாவின் பெட்டரி ஐந்து வருசம் ஓடியது, அவரும் ஐந்து வருசம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். லொறி மாறிப்போனது எனக்கு அன்று மாலையே தெரியும். சொல்லியிருக்கலாம். நாற்பதையும் திருப்பி எடுத்துத் திருகைச் சரிசெய்ய இரண்டு நாள் போதும். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

பத்து மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேர், செத்த பெட்டரிகளையும் கொன்ட்ரோலர்களையும் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்தார்கள். கொழும்பில் குண்டு வெடித்து நான்கு நாள்கூட ஆகவில்லை. இங்கே ஒரு தமிழச்சி வேலை செய்கிறாள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிழவர் கத்தவே இல்லை, அமைதியாகத்தான் கேட்டார், அந்தப் பெண் யார் என்று. மெனேஜர் நல்ல மனுசன். ஆளைப் பார்த்துப் பேசாதீர்கள், பெட்டியைப் பார்த்துப் பேசுவோம் என்று சொல்லி, அவர்கள் கொண்டுவந்த கொன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மேசையில் பரப்பினார். மீற்றரை வைத்துப் பார்த்தார். எல்லாம் பத்தரை. எல்லாத் திருகிலும் ரோஸ் நிறம்.

ஆமாம். அந்த நாற்பதையும் செய்த அன்று, என் போத்தல் காய்ந்துவிட்டது, உன்னுடையதைத் தா என்று குசுமாவிடம் வாங்கினேன். இதை நான் எனக்கே எத்தனையோ வருசமாகச் சொல்லி வந்திருக்கிறேன், போத்தல் காய்ந்துதான் இருந்தது, தற்செயலாக நடந்தது என்று. போன நான்கு கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன், அதனால்தான் கிழித்தேன். என் போத்தல் காயவில்லை. பாதிக்குமேல் இருந்தது. பிடிபட்டால் தமிழச்சி வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள், குசுமா என்றால் கை தவறிவிட்டது என்று ஒரு திட்டோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, தெரிந்தேதான் கேட்டு வாங்கினேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தாள்.

மெனேஜர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்தாள். பிறகு என் மேசையைப் பார்த்தாள். அதே சிவப்புப் போத்தல், அதற்குப் பிறகு நான் வேறு வாங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கியது. வாசலில் அந்தப் பன்னிரண்டு பேரும் நிற்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் திறந்தாள். அவள் சிங்களத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். “நான்தான் செஞ்சேன் சேர். மீற்றரப் பிழையா வாசிச்சிட்டேன். அக்காவுக்கு இதுல சம்பந்தமில்ல.” சம்பந்தமில்லை என்று என் பக்கம் கையைக்கூடக் காட்டினாள்.

திட்டோடு விடவில்லை. அந்தச் சனத்துக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது, அன்றே அவளை நிற்பாட்டினார்கள். மூன்று மாதத்தில் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஏழு வருசம். நான் ஒரு மாதம் அந்த மேசையில் இருந்து பார்த்தேன், முடியவில்லை, நானாகவே வேலையை விட்டு நின்றேன். மெனேஜர் போகாதே என்று இரண்டு தரம் கேட்டார். வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா, தமிழ் என்றதால நிற்பாட்டிட்டானுகளா என்று கேட்டார். அவருக்கு அது கேட்கத் தேவையே இல்லாத கேள்வி, கடை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். நீ பாடப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அப்பா இதைத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அம்மாவுக்கு வயது போய்ப் புத்தி தடுமாறுகிறது என்பாய். நமக்கு நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடையைக் கொளுத்தினார்கள். உன்னைப் பதினேழு வயதில் சந்தேகம் என்று பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். முந்தாநாள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனதும் பொய்யில்லை. கோபப்பட உனக்கு எவ்வளவோ இருக்கிறது, எல்லாவற்றையும் வைத்துக்கொள். இதை மட்டும் அந்த மூட்டையில் இருந்து எடுத்துவிடு. இது நான் செய்தது. இதை வைத்துக்கொண்டு நீ ஒருவருக்குக் கை கொடுக்காமல் வந்தால், அந்த வெட்கமும் என்னுடையதுதான்.

உன் கடிதம் வந்த பத்தாம் நாள், நடந்து நடந்து கால் ஓயாமல், டவுனுக்குப் போய்க் குண்டசாலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவள் குவைத்தில் இருந்து வந்து அதே வீட்டில் தையல் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இத்தனை வருசமும் அந்தப் பக்கம் போனதில்லை. தலை பாதி நரைத்துவிட்டது அவளுக்கு. என்னைக் கண்டதும் மெசினை நிற்பாட்டினாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, ஒரு கதிரையை எடுத்துப் போட்டாள். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதாம், வெளிநாட்டில் இருந்து வந்தபோது பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்பதையும் ஏதோ அடுத்த வீட்டுக் கதை போலச் சொன்னாள். அந்தப் போத்தல் இருக்கிறதே என்று தொடங்கினேன். கையை நீட்டி நிறுத்தினாள். உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவனுக்கு வேறு மாதிரித் தெரியும் என்றேன். எந்த மாதிரி என்று விடாமல் கேட்டாள். சொன்னேன். கல்யாணத்தில் மைக்கைப் பிடித்ததையும் சொன்னேன்.

மெசினில் இருந்த துணியை இழுத்து நேராக்கினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், சத்தமே உயரவில்லை. “எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? தெரியாத ஆளுக்குச் சொல்லிட்டு வாங்க. அதுக்குப் பிறகு தேத்தண்ணி ஊத்துறேன்” என்றாள். மறுபடியும் மெசினை மிதிக்கத் தொடங்கினாள். அங்கிருந்து வந்தும் ஆறு நாள் ஓடிவிட்டது.

இன்றைக்கு எழுதி முடித்துவிட்டேன். திரும்ப வாசித்தால் கிழித்துவிடுவேன், அதனால் வாசிக்காமலே ஒட்டுகிறேன். கண்டித் தபால் கந்தோரில் போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போகிறேன். மகனுக்குச் சொல்லிவிட்டேன் என்பேன். அவன் என்ன சொன்னான் என்று கேட்பாள், அவளை எனக்குத் தெரியும். அதை நீதான் எழுத வேண்டும்.

அம்மா